களிக் கடைக்கு ஆள் பார்த்த படலம்

எங்கள் கடைக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று முடிவு செய்தது நானும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. என் வலது தோள்பட்டை. பதினோரு வருடம் வாய் திறக்காமல் உழைத்த அது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பானைக்குள் களி கிண்டும் துடுப்பு பாதிச் சுற்றில் நிற்கும்போது இனி முடியாது என்று சொல்லிவிட்டது. துடுப்பு பானையிலேயே நின்றது. நான் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

தொப்பூர் கணவாய் இறக்கம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், லாரிக்காரர்கள் இறங்கி பிரேக்கைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் எங்கள் கடை இருக்கிறது. ராகிக் களி, கருவாட்டுக் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு, கீரைக் கடைசல். போர்டில் அவ்வளவுதான். வார நாட்களில் லாரிக்காரர்கள் வந்து சாப்பிடுவார்கள். சனி, ஞாயிறுகளில் பெங்களூரில் இருந்து காரில் வருகிறவர்கள் களி உருண்டையைப் பல கோணங்களில் படம் எடுத்துவிட்டு, பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். முன்னால் கல்லாவில் என் வீட்டுக்காரர். பின்னால் அடுப்பில் நான். நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரில் தட்டு போகிற அளவுக்கு ஒரு ஜன்னல். கடையின் பெயரும் புகழும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். புகை இந்தப் பக்கம்.

தர்மபுரியில் எலும்பு டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஜவ்வு கிழிஞ்சிருக்குதும்மா. மூணு மாசம் இந்தக் கைக்கு வேலையே குடுக்கக் கூடாது. தானா ஒட்ட வாய்ப்பு இருக்குது. இல்லேன்னா சேலம் போயி ஆபரேசன் பண்ணணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் ரொம்பவும் கவலையோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இடது கையில கிண்டலாங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக இந்த ஆளோடு எப்படிக் குப்பை கொட்டுகிறாய் என்கிற கேள்வி அந்தப் பார்வையில் இருந்ததாக எனக்குப் பட்டது. மருந்துச் சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

முன்பெல்லாம் கடைக்கு ஆள் வேண்டும் என்றால் நாலு லாரிக்காரர்களிடம் சொல்லி வைத்தால் போதும், நாமக்கல்லில் இருந்து ஓசூர் வரைக்கும் சேதி போய்விடும். ஆனால் என் கொழுந்தனார் இருக்கிறாரே. அவர் வீட்டுமனை விற்பவர். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் போனில் பார்த்துத்தான் முடிவு செய்வார். பல்வலிக்கு எந்த டாக்டர் என்று பார்ப்பதற்குள் அவருக்குப் பல் விழுந்துவிட்டது. "அண்ணி, இப்பெல்லாம் எல்லாத்துக்கும் ஏஜென்சி இருக்குதுங்க. செஃப் வேணும்னா செஃப் ஏஜென்சி. நம்ம கடைக்கு ஒரு தரம் வேணுமில்லீங்களா?" என்றார். அதுவரை தரம் இல்லாமல் சமைத்துப் போட்டவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன் என்பதை அவர் கவனிக்கவில்லை.

முதல் ஏஜென்சி சேலத்தில். அண்ணனும் தம்பியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ராகு காலம் கழித்துப் புறப்பட்டார்கள். அடுப்பில் என்ன வேலை நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், என்னைக் கூப்பிடவில்லை. அங்கே நடந்ததைக் கொழுந்தனார் வந்து நடித்தே காட்டினார். கண்ணாடிக் கதவாம், ஏசியாம், சுவர் முழுக்க உயரமான வெள்ளைத் தொப்பி போட்டவர்களின் படங்களாம். ஒரு பெண் காபி கொண்டுவந்து வைத்தாளாம். என் வீட்டுக்காரர் டம்ளரைத் தொடாமல், "முடிவாகாம கை நனைக்கறது வழக்கம் இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் முடிவாகும் வரை கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. இதை ஏஜென்சிக்கும் பொருத்திப் பார்த்த முதல் மனிதர் என் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஏஜென்சிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சர்க்கரை இல்லாமல் இன்னொரு காபி வரவழைத்திருக்கிறார். அதையும் இவர் தொடவில்லை.

பிறகு ஒரு படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். என்ன வகைச் சமையல் என்று கேட்டு ஒன்பது கட்டங்கள். சைனீஸ் இருந்தது, தந்தூரி இருந்தது, இத்தாலி தேசத்துச் சமையல்கூட இருந்தது. களி இல்லை. கடைசியில் 'இதர' என்று இருந்த கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வந்தார்கள். பதினோரு வருடம் நான் என்ன சமைத்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதர.

அடுத்த வாரம் ஆள் வந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கப்பலில் சமைத்தவராம். கத்திகளை ஒரு துணியில் வரிசையாகச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். களிக்குக் கத்தி எதற்கு என்று நான் கேட்கவில்லை. விருந்தாளியிடம் அப்படிக் கேட்கக் கூடாது.

"ரெசிபி கார்டு குடுங்க மேடம்" என்றார்.

"தண்ணி கொதிச்சதும் அரிசி நொய்யைப் போட்டு வேக வைக்கணும். அப்புறம் மாவு. அப்புறம் கிண்டணும். அவ்ளோதான் சாமி."

"எத்தனை கிராம்?"

"பானைக்குத் தக்கன."

"எவ்ளோ நேரம்?"

"வேகற வரைக்கும்."

அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ தெரியாது. மாவை மொத்தமாகக் கொட்டிவிட்டு, பாயசத்தைக் கலக்குவது போல மேலாகக் கலக்கினார். பானைக்குள் கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கட்டி விழுந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. நம் வாசல் மிதித்து வந்த ஒரு பிள்ளை பானை முன்னால் விழிபிதுங்கி நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க என்னை யாரும் வளர்க்கவில்லை. இடது கையால்தான் துடுப்பை வாங்கினேன். ரெண்டு சுற்றில் வலது கை தானாக வந்து சேர்ந்துகொண்டது.

முன்னால் அண்ணனும் தம்பியும் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "அடேயப்பா! அப்படியே நம்ம வூட்டுக் களி மாதிரியே இருக்குது பாரேன்!" என்றார்.

இருக்காதா பின்னே.

கொழுந்தனார் உடனே ஏஜென்சிக்குப் போன் போட்டு முடித்துவிட்டார். தனியாக அழைத்துப் போய் என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "களியக் கிண்டுனது நானுங்க. அந்தப் பையனுக்கு ஒண்ணுமே தெரியலீங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன? இப்பச் சாப்புட்டாச்சும்மா. கை நனைச்சப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வேண்டாங்கறது?"

இப்படியாக, சோதித்துப் பார்ப்பதற்காகவே வைத்த விருந்தில், சாப்பிட்டுவிட்டதால் வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரு முறையை எங்கள் குடும்பம் கண்டுபிடித்தது. கப்பல் மாஸ்டர் நாலு நாள் இருந்தார். களி உருண்டையின் தலையில் கேரட்டில் ஒரு பூ செய்து வைத்தார். ஒரு லாரிக்காரர் அந்தப் பூவை எடுத்துக் கல்லாவில் வைத்து, "இது யாருதுங்க, விழுந்து கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் காலையில் கத்திச் சுருட்டையும் காணோம், ஆளையும் காணோம். அடுப்பில் மறுபடி நான்.

இரண்டாவது ஏஜென்சி பெங்களூரில் இருந்தது. இருந்தது என்று சொல்கிறேனே தவிர, எங்கே இருந்தது என்று இதுவரை யாருக்கும் தெரியாது. எல்லாம் போனிலேயேதான். "நாலரை ஸ்டாருங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். வீடியோவில் பேசுவதற்காக என் வீட்டுக்காரர் மறுபடியும் வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி வைத்து, சாமி படங்களுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். உங்கள் கடையின் தனிச்சிறப்பு என்ன என்று கேட்கிறாள் என்று கொழுந்தனார் மொழிபெயர்த்தார். என் வீட்டுக்காரர் ரொம்ப யோசித்துவிட்டு, "ரோட்டு மேலயே இருக்குதுங்க" என்றார்.

ஆனாலும் அவர்கள் அனுப்பிய ஆள் நல்ல ஆள். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மாண்டியா பக்கத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். எங்கள் ஜில்லாவில் அது ஒரு புதுமை இல்லை. ராகி அவர்கள் பக்கத்து மூச்சு. துடுப்பைக் கையில் எடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பானையை ரெண்டு காலால் அணைத்துக்கொண்டு அவர் கிண்டிய களி வழவழவென்று திரண்டு வந்தது. ஒரு கட்டி இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தோள்பட்டைக்கு விடுதலை கிடைத்தது என்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

குழம்பில்தான் எனக்கு உயிர் வந்தது. தேங்காய் அரைத்துத் தண்ணியாக ஒரு சாறு வைத்தார். அது அவர்கள் பக்கத்துக்கு ருசி, எங்கள் பக்கத்துக்குப் பத்தாது. அவர் கை கழுவத் திரும்பியபோது என் பொடி டப்பாவைத் திறந்து ரெண்டு கரண்டி போட்டுக் கலக்கிவிட்டேன். மிளகாயும் மல்லியும் நானே வறுத்து மில்லில் நானே நின்று அரைத்த பொடி. அதுவும் விருந்தாளிக்குச் செய்த உபசாரம்தான் என்று அப்போது கேட்டிருந்தால் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

"நம்ம வூட்டுக் குழம்பு மாதிரியே இருக்குது!" என்றார் என் வீட்டுக்காரர். கை நனைந்தது. ஆள் முடிவானார்.

பன்னிரண்டு நாள் அவர் இருந்தார். பன்னிரண்டு நாளும் நான் பின்னால் நின்றேன். சும்மாதான் நின்றேன். உப்பு மட்டும் பார்த்தேன். பொடி மட்டும் போட்டேன். கருவாட்டை அவர் ரெண்டு தண்ணீரில் கழுவினால் நான் மூன்றாவது தண்ணீரில் கழுவினேன். ஒரு நாள் களியைக்கூட, நன்றாக இருந்த களியை, இறக்கும் நேரத்தில் துடுப்பை வாங்கி நாலு சுற்று சுற்றிவிட்டேன். எதற்கென்று எனக்கே தெரியாது. பன்னிரண்டாம் நாள் அவர் கரண்டியைத் தட்டின் மேல் சத்தம் வராமல் வைத்தார். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, நிம்ம அடுகெ நீவே மாடி" என்றார். உங்கள் சமையலை நீங்களே செய்துகொள்ளுங்கள். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சும்மா நின்றதில் கை இன்னும் மோசமாகிவிட்டது. கொடியில் ஒரு துண்டைப் போட முடியவில்லை. முடியை வாரி முடிய முடியவில்லை. மறுபடி தர்மபுரிக்கு, இந்தத் தடவை தனியாக, பஸ்ஸில் போனேன்.

"சும்மா இருக்கத்தானே சொன்னேன். என்னம்மா பண்ணீங்க?" என்றார் டாக்டர்.

"சும்மாதானுங்க இருந்தேன்."

புது ஸ்கேனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கிழிசல் பெரிசாகியிருந்தது. "இன்னும் ஒரு மாசம் இப்படியே போச்சுன்னா ஆபரேசன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. கை தோளுக்கு மேல ஏறாது. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்றார்.

எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. அதுவரை வலிதான் இருந்தது, பயம் இல்லை. ஐம்பது வயதில் ஒரு கையோடு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். இன்னும் எத்தனை வருடம் கிடக்கிறது. யார் எனக்குச் சேலை கட்டிவிடுவார்கள்? இடது கையில் கிண்டலாமா என்று கேட்ட மனிதரா?

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் ஒரு மெத்தைக் கடை. அதன் மாடிப்படி ஓரத்தில், சமையல் ஆட்கள் அனுப்பப்படும் என்று கையால் எழுதிய ஒரு தகரம் தொங்கியது. நாலரை ஸ்டார் இல்லை, ஒரு ஸ்டாரும் இல்லை. மேலே ஏறினேன். கீழிருந்து பஞ்சுத் தூசி ஏறி வந்து மேஜை நாற்காலி எல்லாம் படிந்திருந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருவர், தலையில் முக்காட்டோடு, ரெண்டு போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம். கீழே அவர் வீட்டுக்காரர் ஜும்மா தொழுகைக்காகக் கடையைச் சாத்தும் சத்தம் கேட்டது.

நான் களிக்கு ஆள் வேண்டும் என்று ஆரம்பித்தேன். இவர் களி என்றால் எந்தக் கட்டம் என்று தேடவில்லை. "இதுக்கு முன்னால யாருங்க்கா சமைச்சிக்கிட்டு இருந்தது?" என்று கேட்டார்.

"நாந்தாங்க."

"ஆள் வந்துட்டா நீங்க எங்க இருப்பீங்க?"

"எங்க இருப்பேன்? அடுப்புகிட்டதான். பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கணுமில்ல?"

அவர் பேனாவை மூடிவிட்டார். "எத்தனை பேரு ஓடிட்டாங்க?"

"ரெண்டு" என்றேன். பிறகு என்னவோ, கப்பலையும் மாண்டியாவையும் பொடி டப்பாவையும் கை நனைத்த கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

"அக்கா, நான் ஆளைப் பாத்து மட்டும் அனுப்பறதில்லீங்க. போற எடத்தையும் பாப்பேன். போன ஆளு நாலு நாள்ல திரும்பி வந்தா எனக்குத்தான் கெட்ட பேரு. நீங்க அடுப்புகிட்ட இருக்கற வரைக்கும் நான் யாரை அனுப்பினாலும் அன்னிக்குப் பாஸ், அப்புறம் ஃபெயில். சம்மதம்னா நான் சொல்றபடி பண்ணுங்க. கடை நடக்கற நாள்ல, மத்தியானக் கூட்டத்துக்கு அவங்க சமைக்கட்டும். நீங்க வெளிய, சாப்புட வர்றவங்க உக்கார்ற எடத்துல உக்காருங்க. உங்க பொடி டப்பாவையும் கையில எடுத்துக்கங்க. உங்க வூட்டுக்காரரு கடைசியாச் சாப்புடட்டும். முடிவை நீங்க சொல்லுங்க."

கோபம் கோபமாக வந்தது. என் கடையில், என் அடுப்பை விட்டு என்னை வெளியே உட்காரச் சொல்ல, பஞ்சுத் தூசிக்கு நடுவில் இருக்கும் இவர் யார்? சரி என்று சொல்லிவிட்டு, கோபத்தோடேயே படி இறங்கினேன். வீட்டில் சொன்னபோது கொழுந்தனார் போனில் ரொம்ப நேரம் தேடினார். "ஒண்ணுமே வரலீங்க அண்ணி. இப்படி ஒரு ஏஜென்சியே இல்லீங்க" என்றார். நான் அப்போதுதான் அதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன்.

புதன்கிழமை ஒரு பெண் வந்தாள். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம், சித்தேரி மலை அடிவாரம். முதல் பஸ்ஸுக்கு வந்து தர்மபுரியில் மாறி வந்திருக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். திருப்பூரில் ஒரு மில் விடுதியில் அத்தனை பிள்ளைகளுக்கும் சமைத்துப் போட்டவள். மில்லை மூடிவிட்டார்கள். தன் ரெண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கத்திச் சுருட்டு இல்லை, நோட்டும் இல்லை.

"அக்கா, நீங்க வெளிய உக்காரணுமுங்களாம். சொல்லி அனுப்பிச்சாங்க" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். மடியில் எவர்சில்வர் டப்பா. பதினோரு வருடத்தில் என் கடையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேஜை ஆடுகிறது. ஃபேன் எனக்குக் காற்று தராமல் கல்லாவுக்கு மட்டும் தருகிறது. இதையெல்லாம் ஒரு மனிதர் இத்தனை வருடமாக எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஜன்னலையும் பார்த்தேன். இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் முகம் தெரியவில்லை. ரெண்டு கை வந்து தட்டை வைத்துவிட்டு உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

உள்ளே துடுப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகக் கிண்டுகிறாள், அடியில் இருந்து எடுக்கவில்லை. எழுந்தேன். கல்லாவில் இருந்து என் வீட்டுக்காரர் உட்கார் என்று கை காட்டினார். வெங்காயம் தாளிக்கும் வாசனை வந்தது, சிவக்கும் முன்னால் புளியை ஊற்றிவிட்டாள். மறுபடி எழுந்தேன், மறுபடி கை காட்டினார். இருபத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும்.

மத்தியானக் கூட்டம் வர ஆரம்பித்தது. என் எதிரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்து, "ரெண்டு உருண்டை, கருவாட்டுக் குழம்பு தனியா, வெங்காயம்!" என்று சத்தம் கொடுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். பத்து வருடமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரல். ஒரு தடவை கத்தரிக்காய் அதிகம் போடச் சொன்னார் என்பதற்காக, அந்தக் குரல் கேட்டாலே குழம்பின் அடியில் ஒதுங்கிய கத்தரிக்காயைத் துழாவி எடுத்துப் போடுவேன். குரலை வைத்து நல்ல ஆகிருதியான மீசைக்காரர் என்று நினைத்து வைத்திருந்தேன். எதிரில் இருந்தவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, நெற்றியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் யாரோ ஒரு வழிப்போக்கர்.

ரெண்டு பேருக்கும் தட்டு வந்தது. களியைப் பிட்டேன். விரலில் கட்டி தட்டியது. பட்டாணி அளவு, உள்ளே வேகாத மாவு. குழம்பைத் தொட்டு வாயில் வைத்தேன். புளி தூக்கல். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. நல்லது, இந்தப் பெண்ணும் ஆகவில்லை. என்னால் மட்டும்தான் முடியும். ஒரு கணம்தான். அடுத்த கணம் டாக்டர் காட்டிய ஸ்கேன் ஞாபகம் வந்தது. இவ்வளவு நாளும் நான் யாருக்கு உபசாரம் செய்துகொண்டிருந்தேன் என்பதும் அப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

நான் மெல்லுவதைப் பார்த்துவிட்டு எதிரில் இருந்தவர் பதறிவிட்டார். "அம்மா, களிய மெல்லக் கூடாதுங்க. குழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும். மொத தடவைங்களா?"

"இங்க உக்காந்து சாப்புடறது மொத தடவைங்க."

"அதான். நான் எல்லா ரோட்டுலயும் தின்னு பாத்துட்டேனுங்க. இந்தக் கை வேற எங்கயும் வராது. உள்ள ஒரு அம்மா இருக்குது. நான் பாத்ததில்ல. பத்து வருசமா ஒரே கை."

"இன்னிக்கும் அதே மாதிரிதான் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் இன்னொரு வாய் முழுங்கிவிட்டு, நியாயமாக யோசித்தார். "புளி கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க. கத்திரிக்காயும் காணோம். அந்தம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைய குழம்பில் காரமும் குறைவு.

"கை வலின்னு கேள்விப்பட்டேனுங்க. தூக்கவே முடியலையாம்" என்றேன்.

"அடப் பாவமே! அப்புறம் ஏனுங்க அது அடுப்புல நிக்குது? ஒரு ஆளப் போட்டுக்கலாமில்ல?"

"பாத்துக்கிட்டிருக்காங்களாம். ருசி மாறிப் போயிருமோன்னு அந்தம்மாவுக்குப் பயமாம்."

அவர் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "நல்ல கதைங்க. ரெண்டு மாசம் புளி தூக்கலாத் தின்னா நாங்க என்ன செத்தா போயிருவோம்? கையப் பாத்துக்கச் சொல்லுங்க." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னொரு உருண்டை!" என்று சத்தம் கொடுத்தார். ரெண்டு கை வந்து தட்டை வைத்துவிட்டு உள்ளே போனது.

கூட்டம் குறைந்ததும் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கல்லாவில் இருந்து அவரும் என்னைப் பார்த்து, என்ன என்பது போலத் தலையை ஆட்டினார். பதினோரு வருடத்தில் கடை விஷயமாக என்னை ஒன்று கேட்டது அப்போதுதான்.

என் தட்டில் அந்தக் கட்டி ஓரமாகக் கிடந்தது. விரலில் எடுத்துக் காட்டினால் போதும். அடுத்த பஸ்ஸில் அவள் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய்விடுவாள். நாளைக் காலையில் பானை முன்னால் நான் நிற்பேன்.

கட்டியைக் குழம்பில் தொட்டு, மெல்லாமல் முழுங்கினேன்.

"நாளையில இருந்து இவங்க வரட்டுங்க" என்றேன்.